குன்னூர்ல மூணு நோடு, ஒண்ணுல மட்டும் பாதி ராம் காணோம்

குன்னூர்ல ஒரு ஆபீசுக்கு சிஸ்டம் வேலை பாக்குறேங்க. மூணு நோடு (சர்வர்) வச்சு செஃப் (Ceph, ஒரே டேட்டாவ பல சர்வர்ல காப்பி போட்டு வைக்குற ஸ்டோரேஜ் சாஃப்ட்வேர்) கிளஸ்டர் போட்டோம், கோயம்புத்தூர்லயே அசெம்பிள் பண்ணி ஓட்டிப் பாத்துட்டு வேன்ல ஏத்தினது, மேட்டுப்பாளையம் தாண்டி பர்லியார் வழியா அத்தனை கொண்டை ஊசி வளைவுலயும் குலுங்கி குலுங்கித்தான் மேல வந்துச்சு. ரேக்ல மாட்டி ஆன் பண்ணா ஹெல்த் ஓகே, எல்லா ஓஎஸ்டியும் (டிஸ்க்குக்கு ஒண்ணா ஓடுற செஃப் ப்ராசஸ்) அப். சரின்னு டேட்டாவ ஏத்திட்டோம்.

ரெண்டு வாரம் கழிச்சு ராத்திரி பேக்கப் ஓடுறப்ப மட்டும் ரெண்டாவது நோடுல ஓஎஸ்டி விழுந்து விழுந்து எந்திரிக்குது. டிஸ்க்கு போச்சுன்னு நெனச்சு ஸ்மார்ட்சிடிஎல் போட்டு எட்டு டிஸ்க்கையும் பாத்தேன், எல்லாம் நல்லாருக்கு. அப்புறம்தான் கர்னல் லாக்ல மெமரி பத்தாம ப்ராசஸ கொல்லுறது தெரிஞ்சுது. மெமரி எவ்வளவுன்னு ஃப்ரீ மைனஸ் ஹெச் அடிச்சா மத்த ரெண்டுலயும் 62 ஜிபி, இதுல 31! ஒரு ஓஎஸ்டிக்கு டீஃபால்ட்டா 4 ஜிபி, எட்டுக்கு 32, எங்கிருந்து பத்தும் சொல்லுங்க. ரூட்ல டிஎம்ஐடிகோட் மைனஸ் டி மெமரி போட்டா ஒரு ஸ்லாட்ல 32 ஜிபி, அடுத்ததுல "நோ மாட்யூல் இன்ஸ்டால்டு". கழட்டிப் பாத்தா ராம் ஸ்டிக்கு ஒரு ஓரமா தூக்கிட்டு நிக்குது, கிளிப்பு விட்டுருக்கு. மூணு காப்பி இருந்ததால நோட ஆஃப் பண்ணி அழுத்தி மாட்டுற வரைக்கும் வேலை நிக்கல, அது பெரிய புண்ணியம்.

ஹெல்த் ஓகேன்னா டேட்டா பத்திரமா இருக்குன்னு மட்டும்தாங்க அர்த்தம், எந்தப் பெட்டிக்குள்ள என்ன கொறையுதுன்னு அது சொல்லவே சொல்லாது. உங்களுக்கு இப்படி நடந்திருந்தா எழுதுங்க.

—

அண்ணே, நான் கொடைக்கானல். எங்களுக்கு நெட்வொர்க்குல வந்துச்சு. அஞ்சு நோடு, ரெக்கவரி (கொறைஞ்ச காப்பிய திரும்பப் போடுறது) மட்டும் ஆமை மாதிரி நகருது. ஒவ்வொரு நோடுலயும் ஈத்டூல் அடிச்சுப் பாத்தா நாலுல நெட்வொர்க் ஸ்பீடு 10000 எம்பிபிஎஸ், ஒண்ணுல 1000. கேபிளு ஈரத்துல முனை கெட்டுப் போயிருந்துச்சு, மாத்தினதும் சரியாயிருச்சு. ஒண்ணு சொல்லணும்ணே, எங்கள மாதிரி நாலு நோடுக்கு மேல வச்சிருக்கவங்க எந்த நோட ஆஃப் பண்ணாலும் மொதல்ல நோஅவுட் செட் பண்ணிருங்க, இல்லைன்னா 600 செகண்டு கழிச்சு அதோட டிஸ்க்கெல்லாம் அவுட்டுன்னு போட்டு டேட்டாவ மத்த நோடுக்கு காப்பி பண்ண ஆரம்பிச்சிரும். வேலை முடிஞ்சதும் அந்த நோஅவுட்ட எடுக்க மறந்துறாதீங்க.

—

ஊட்டிலருந்து. வண்டில வந்த பெட்டின்னா எல்எஸ்பிசிஐ மைனஸ் விவி-யும் (உள்ள மாட்டிருக்க கார்டெல்லாம் காட்டுற கமாண்டு) பாருங்க அண்ணா. லிங்க் கேப்ல (கார்டால முடிஞ்சது) எக்ஸ்8, அதாவது எட்டு லேன், இருந்து லிங்க் ஸ்டேட்டஸ்ல (இப்ப ஓடுறது) எக்ஸ்4-ன்னு வந்தா கார்டு சரியா உக்காரலைன்னு சந்தேகப்படலாம். எனக்கு டிஸ்க் கன்ட்ரோலர் கார்டே அப்படித்தான் ஆச்சு, கார்டு வேலை செஞ்சுட்டே இருந்ததால நாலு மாசம் யாருக்கும் தெரியல.

—

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. இப்பவே மூணுலயும் அடிச்சுப் பாத்தேன். ஸ்பீடு எல்லாத்துலயும் 10000. ஆனா மூணாவது நோடுல கன்ட்ரோலர் எக்ஸ்4-ன்னு நிக்குது, மத்த ரெண்டும் எக்ஸ்8. சாயங்காலம் ஆபீஸ் முடிஞ்சதும் கழட்டிப் பாத்துட்டு வந்து சொல்றேன்.