பழைய கரவன் வானில் படுத்து எழும்ப: கூரை, கறள், ஈரம்

உப்புவெளி வாசி:
எங்கட திருகோணமலைப் பக்கம் கரவன் என்றால் இழுத்துக்கொண்டு போகும் வண்டி வீடு யாருக்கும் நினைவு வராது, நிசான் வான்தான். அதையோ டொல்பின் என்கிற டொயோட்டா ஹைஏஸ் வானையோ படுக்கை வண்டியாக்குகிறவர்கள் குளிர்நாட்டு வீடியோவைப் பார்த்துத் தொடங்குவதுதான் முதல் பிழை. அங்கே உள்ளிருக்கும் சூட்டைக் காக்க வேண்டும். இங்கே வைகாசி முதல் ஆவணி மட்டும் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றில் காயும் கூரையோடுதான் சண்டை. காசையும் தடிப்பையும் கூரைக்குக் கொடுங்கள். பக்கச் சுவர் பிறகு, நிலம் கடைசி.

சீலிங்கைக் கழற்றி, ஒவ்வொரு தகரப் பரப்பின் நடுவிலும் கால்வாசிக்கு பியூட்டைல் ஷீட் (ஒட்டும் ரப்பர்த் தாள்) ஒட்டினால் அதிர்வு அடங்கும். முழுக்க ஒட்டுவது பாரம்தான். அதன்மேல் தண்ணீர் குடிக்காத 10 மி.மீ. ஃபோம் இரண்டு அடுக்கு, மூட்டு மேல் மூட்டு வராமல். கீழ் அடுக்கின் வெள்ளித்தாள் முகம் கீழ் நோக்க வேண்டும், அதற்கும் சீலிங் பலகைக்கும் இடையில் 20 மி.மீ. வெறும் காற்று. வெள்ளித்தாளைப் பலகையோடு ஒட்டி நெரித்துவிட்டால் அது பளபளப்புக்கு மட்டும்தான். கூரையின் குறுக்கு இரும்புகளைச் சும்மா விடாதீர்கள், 5 மி.மீ. ஃபோமாவது சுற்றுங்கள். சூடு அந்த வழியாகத்தான் இறங்கும்.

கறள்_கை, சீனன்குடா:
ஃபோமுக்கு முதல் கறள். மழைப் பீலி ஓரத்தில் பழைய சீலன்ட் தடித்துக் கிடந்தால் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகரம் கணீரென்று கேட்கும், உக்கினது பொத்தென்று கேட்கும். அந்த இடத்தைச் சுரண்டித் திறக்கத்தான் வேண்டும்.

நிலாவெளிக் கரையில் நின்ற வண்டியென்றால் கிரைண்டர் பிடிக்க முதல் நல்ல தண்ணியில் இரண்டு தரம் கழுவிக் காயவிடுங்கள். குழிக்குள் உப்பு நின்றால், மேலே எத்தனை பூச்சுப் போட்டாலும் பெயின்ட் கொப்பளிக்கும். பிறகு வயர் பிரஷ், 80 நம்பர் பேப்பர், குழிகளுக்குப் பொஸ்போரிக் அமிலம். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்: அமிலத்தைக் கழுவித் துடைக்காமல் எபொக்சி பிரைமர் அடித்தால் அது பிடிக்காது, தோல் மாதிரி உரியும். பிரைமர் இரண்டு பூச்சு, காய்ந்தபின் மூட்டுகளில் பொலியூரித்தேன் சீலன்ட். வினாகிரி மணக்கும் சிலிக்கனைத் தகரத்தில் வைக்கவே கூடாது, அந்த அமிலமே கறளைக் கூப்பிடும். உக்கின தகரத்தில் பட்டி பூசி மறைப்பது விற்கிறவருக்கான வேலை, வைத்திருப்பவருக்கானதல்ல.

கிண்ணியா தம்பி:
பெட்டிகளுக்குள் வரும் வெள்ளை ரிஜிபோம் மலிவு அண்ணை, அதைப் போட்டால் என்ன?

உப்புவெளி வாசி:
மூன்று சிக்கல் தம்பி. கன்டாக்ட் பசை பட்டதும் ரிஜிபோம் கரைந்து குழியாகும். ஓட்டத்தில் தகரத்தோடு உரசிக் கீச்சிடும். நெருப்புப் பட்டால் உருகிச் சொட்டும், புகையும் கறுப்பு. நிலத்தில் பலகைக்குக் கீழே போடுவதென்றால் எக்ஸ்.பி.எஸ். என்கிற கடின ஃபோம் தகடு 12 மி.மீ., மேலே 12 மி.மீ. மரைன் பிளை (ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகை). பிளை எட்டுக்கு நாலடி ஒரு தாள் 20 கிலோ அளவில் வரும், ஆகவே தடித்ததை எடுக்காதீர்கள். வெட்டின ஓரங்களுக்கு வார்னிஷ் இரண்டு தரம். நிலத்தில் ஸ்க்ரூ இறக்குமுன் குனிந்து கீழே பாருங்கள், பிரேக் குழாயும் எண்ணெய்த் தாங்கியும் அங்கேதான்.

என்ஜின்மூடி:
ஒருவரும் சீட்டுக்குக் கீழே பார்க்கவில்லையே. இந்த வான்களில் என்ஜின் அங்கேதான். கொழும்பிலிருந்து ஹபறணை, கந்தளாய் வழியாக ஓடி வந்து நிறுத்தினபின்னும் அந்த மூடி நெடுநேரம் சூடு விடும். அதற்கு ஃபோம் ஆகாது. அலுமினியத் தாள் போர்த்திய கண்ணாடி நார் மெத்தையை என்ஜின் பக்கமாக வைத்து, பெரிய வாஷரோடு ரிவெட் அடியுங்கள்; பசையை மட்டும் நம்பினால் தொங்கி பெல்ட்டில் மாட்டும். எண்ணெய் ஊறின மெத்தையைக் கழற்றி எறியுங்கள். ஓர ரப்பரும் புதிதாக. இரவில் என்ஜின் பக்கம் டோர்ச் எரியவிட்டு உள்ளேயிருந்து பாருங்கள்: வெளிச்சம் வருகிற இடத்தால் புகையும் வரும்.

உப்புவெளி வாசி, ஈரம் பற்றி:
சீலிங்குக்குப் பின்னால் பொலித்தீன் விரிக்கச் சொல்பவர்களைக் கேட்காதீர்கள். ஏசி ஓடும்போது எங்கட ஈரக் காற்று வெளியிலிருந்து நுழைந்து, குளிர்ந்த பொலித்தீனின் பின்பக்கம் நீராகும். பலகை அழுகின பிறகுதான் மணம் தெரியும். வெளித் தகரமே போதுமான தடுப்பு. ஃபோமைத் தகரத்தோடு இடைவெளியில்லாமல் ஒட்டினால், இரவில் கூரை குளிரும்போது மூச்சின் ஈரம் தகரத்தைத் தொடாது.

காற்றுக்கு 35 செ.மீ. கூரை மின்விசிறி, வெளியே இழுக்கிற பக்கம். நடு வேகத்தில் 1 முதல் 2 அம்பியர், ஆகவே பத்து மணி நேர இரவுக்கு பற்றரியில் 20 அம்பியர்-மணி ஒதுக்குங்கள். உள்ளே வரும் வழி நிழல் பக்க யன்னலாக இருக்கட்டும். நுளம்பு வலை காற்றை நெரிக்கும், திறப்பைக் கொஞ்சம் பெரிதாக விடுங்கள். வெயில் மறைப்பு யன்னலுக்கு வெளியே தொங்கினால்தான் முழுப் பலன்.

கறள்_கை, சீனன்குடா:
ஐப்பசி வாடை மழைக்கு முதல் ஹோஸ் பிடித்து ஒழுக்குப் பாருங்கள், கீழிருந்து மேலாக, ஒரு மூட்டுக்கு ஐந்து நிமிடம். மேலிருந்து தொடங்கினால் எது ஒழுகுகிறது என்று தெரியாது. கதவுக்கு அடியிலுள்ள வடிகால் துளைகளை ஃபோமால் அடைத்தவர்கள் அதை இன்றைக்கே குத்தித் திறந்துவிடுங்கள்.