குண்டுவீச்சு விமானத்தில் போய்த் திரும்பாதவர்: எங்கிருந்து தேடுவது?

கேள்வி (மாடிவீடு): நான் இங்கிலாந்தில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு 85 தாண்டிவிட்டது. அவருடைய அண்ணன் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தில் கன்னர் (துப்பாக்கி இயக்குபவர்), 1944 ஜனவரியில் பெர்லின் மேல் குண்டு போடப் போனவர் திரும்பவில்லை. வீட்டில் இருப்பது ஒரே ஒரு போட்டோ. ஏழு பேர் நிற்கிறார்கள், அண்ணன் சட்டையில் பாதிச் சிறகும் 'ஏஜி' (ஏர் கன்னர்) என்ற எழுத்தும் தெரிகிறது, பின்பக்கம் பென்சிலில் ஸ்குவாட்ரன் (விமானப்படைப் பிரிவு) எண். கல்லறை உண்டா என்றுகூட அவருக்குத் தெரியாது. எதில் தொடங்க?

பழையதாள்: காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் பெயரைப் போடுங்கள், இலவசம்தான். கல்லறை இருந்தால் மயானமும் வரிசையும் வரும். உடல் கிடைக்கவில்லை என்றால் ரன்னிமீட் நினைவிடம் என்று வரும், அங்கே மட்டும் 20,000க்கும் மேல் பெயர்கள். ஒன்று கவனியுங்கள், ராத்திரி கிளம்பிய விமானம் என்பதால் இறந்த தேதி மறுநாளாகப் பதிவாகியிருக்கலாம், நான் இதில்தான் இரண்டு வாரம் கோட்டைவிட்டேன். அப்புறம் லிங்கனில் உள்ள சர்வதேச பாம்பர் கமாண்ட் (பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானப் படை) மையத்தின் இழப்புப் பட்டியல். அதில் விமானத்தின் சீரியல் எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி, கூடப் போனவர்களையும் பிடித்துவிடலாம்.

மாடிவீடு: கிடைத்துவிட்டது! பெர்லின் போர் மயானம். ஆனால் கல்லறை எண் ஒன்றாக இல்லாமல் '3 முதல் 6 வரை' என்று இருக்கிறது, கூட்டுக் கல்லறையாம். அப்படியென்றால்?

ராக்கண்: உடல்களைத் தனித்தனியாக அடையாளம் பிரிக்க முடியவில்லை என்று அர்த்தம். பாட்டியிடம் அதை எப்படிச் சொல்வது என்பதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், நானாக இருந்தால் 'நண்பர்களோடு ஒன்றாக இருக்கிறார்' என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏஐஆர் 27 (AIR 27) வரிசையில் ஸ்குவாட்ரன் நாட்குறிப்பு இருக்கும், அதில் படிவம் 541ஐப் பாருங்கள். குழுவினர் பெயர், கிளம்பிய நேரம் எல்லாம் உண்டு. திரும்பாத விமானம் என்றால் அதற்கு மேல் பெரிதாக எதுவும் எழுதியிருக்க மாட்டார்கள், கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

என்ன நடந்தது என்று தெரிய வேண்டுமானால் அந்த ஏழு பேரில் ஆஸ்திரேலியர் யாராவது உண்டா என்று பாருங்கள். இருந்தால் அதிர்ஷ்டம். ஆஸ்திரேலிய தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏ705 வரிசைக் கோப்புகள் நிறைய ஸ்கேன் செய்து இணையத்தில் இருக்கின்றன. தப்பிப் பிழைத்தவர் கொடுத்த வாக்குமூலம், போருக்குப் பிறகு காணாமல் போனோரைத் தேட விமானப்படை அனுப்பிய ஆட்கள் ஊர்க்காரர்களை விசாரித்தது, குழியைத் தோண்டிப் பார்த்தது எல்லாம் ஒரே கோப்பில் கிடைக்கலாம். கோப்பு அவர் பேரில் இருந்தாலும் விமானம் ஒன்றுதானே.

மாடிவீடு: வயர்லெஸ் ஆபரேட்டர் ஆஸ்திரேலியர்! கோப்பு 40 பக்கத்துக்கு மேல் இருக்கிறது. முதலில் நான் முழுதும் படித்துவிட்டு அப்புறம்தான் பாட்டி வீட்டுக் கதவைத் தட்டப் போகிறேன்.