எனிமீஸ் டு லவ்வர்ஸ்: டார்க் ஃபேண்டஸியில் எந்த இடத்தில் மனசு சாய்கிறது?

நள்ளிரவு வாசகி
இருண்ட மாய உலகில் பகைவர்களாகத் தொடங்கிக் காதலர்களாக மாறும் இந்த வகைக் கதைகளை வாசிப்பவர்களும் எழுதுபவர்களும் எங்கே பிடித்துப்போனது, எங்கே விட்டுப்போனது என்று சொல்லுங்கள். என் பக்கத்திலிருந்து ஒன்று. எதிரியைப் போல நம்மை உற்றுப் பார்ப்பவர் வேறு யாருமில்லை. நாயகி எந்தக் கையில் வாள் பிடிக்கிறாள், எந்த ஜாமத்தில் கண் அயர்கிறாள், பொய் சொல்லும்போது பார்வை எங்கே போகிறது, எல்லாம் எதிரியான நாயகனுக்கு அத்துப்படி. கொல்வதற்காகச் சேர்த்த அந்த விவரங்களை வைத்தே அவளைக் காப்பாற்றும் எபி (தொடர்கதையின் ஓர் அத்தியாயம்) வரும்போது மூச்சு நின்றுவிடும். மற்ற காதல் கதைகளில் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ளவே பத்து எபி போகும். இங்கே அந்த வேலையை வெறுப்பு முன்னாலேயே முடித்து வைத்திருக்கும்.

மெய்ப்பு பார்ப்பவர்
ஊடல் வேறு, பகை வேறு. ஊடலில் இருவரும் ஏற்கெனவே காதலர்கள், கோபம் உறவுக்குள்ளேயே நடக்கிறது. வெடுக் வெடுக்கென்று பேசும் ஜோடியை எழுதிவிட்டு அதைப் பகை என்பதுதான் அதிகம் கண்ணில் படும் தவறு. சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. இருவரையும் ஓர் அறையில் உட்காரவைத்துக் கால் மணி நேரம் பேசவிட்டால் பிரச்சினை தீருமா? தீர்ந்தால் அது வெறும் தவறான புரிதல். அவன் படை அவள் கோட்டையைக் கொளுத்தியிருக்கிறது, அவள் ரத்தத்தில் ஓடும் மந்திரத்தை வேரறுப்பதாக அவன் சத்தியம் செய்திருக்கிறான் என்றால் எந்தப் பேச்சும் தீர்த்துவைக்காது. டார்க் ஃபேண்டஸி இதற்குத் தோதானது. அங்கே சத்தியத்தை மீறினால் உயிர் போகும், சாபம் பலிக்கும், ஒரு மன்னிப்போடு எதுவும் முடியாது.

40 அத்தியாய நாவலுக்கு என் கணக்கு இது: முதல் 8 கலப்படமில்லாத பகை. 16 வரை ஒரே ஆபத்தில் மாட்டி வேண்டாவெறுப்பாகச் சேர்ந்து நடப்பது. 20 வாக்கில் மரியாதை. 24-க்கு முன் முத்தம் வந்தால் இறுக்கம் தளர்ந்துவிடும், மீதிப் பக்கங்களை ஓட்ட வெளியிலிருந்து சண்டை இறக்குமதி செய்ய வேண்டியிருக்கும். 30-ஐ ஒட்டிப் பழைய பாவம் ஒன்று வெளியே வந்து எல்லாம் உடைய வேண்டும். அந்தப் பாவத்தின் நுனி 5-க்குள்ளேயே தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் திடீரென்று ஒட்டவைத்ததுபோல் இருக்கும்.

மூன்றாம் ஜாமம்
தமிழில் எழுதுபவர்களுக்குக் கையிலேயே ஒரு கருவி இருக்கிறது. முதலில் இகழ்ச்சியில் வரும் ‘நீ’. பிறகு தன்னையறியாமல் வாயில் வந்துவிடும் ‘நீங்கள்’. கடைசியில் இன்னொரு ‘நீ’. இரண்டு ‘நீ’க்கும் எழுத்தில் வித்தியாசமில்லை, வாசிப்பவர் காதில் வேறாக விழும். நடுவில் அந்த ‘நீங்கள்’ இல்லாவிட்டால் இந்த மாற்றம் தெரியவே தெரியாது.

காட்சி எப்படி அமையலாம் என்பதற்கு: அவன் விலாவில் அம்பு. அவள் முறித்து எடுத்துத் தைக்கிறாள். நான்காவது எலும்புக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே விரல் நிற்கிறது. கத்தி இறக்க ஆறு மாதமாக அவள் மனதில் குறித்துவைத்த இடம் அது. அவனுக்கும் அது தெரியும். “அங்கேதானே?” என்கிறான். அவள் பதில் சொல்லாமல் அடுத்த தையலைப் போடுகிறாள். இங்கே ‘அவள் நெஞ்சம் படபடத்தது’ என்று ஒரு வரி சேர்த்தால் காட்சி செத்துவிடும். நூலை எத்தனை முறை இழுத்தாள் என்று எழுதினால் போதும்.

ஏடு புரட்டி
உளவியலிலும் இதற்கு ஒரு பிடி உண்டு. எலியட் ஆரன்சனும் டார்வின் லிண்டரும் 1965-ல் வெளியிட்ட பரிசோதனையில், பங்கேற்ற பெண்கள் தங்களைப் பற்றி இன்னொருவர் சொல்லும் கருத்தை ஏழு முறை ஒட்டுக்கேட்கும்படி அமைத்தார்கள். முதலில் குறை சொல்லிப் படிப்படியாகப் பாராட்டத் தொடங்கியவருக்குச் சராசரியாக 7.67 மதிப்பெண் விழுந்தது, தொடக்கம் முதல் பாராட்டியவருக்கு 6.42. கெஞ்சாமல் கிடைத்த அங்கீகாரத்துக்கு எடை அதிகம். ‘படிப்படியாக’ என்பதை எழுதுபவர்கள் கவனிக்க வேண்டும். நேற்றுவரை வெறுத்தவன் இன்றைய எபியில் உருகினால் நம்பமாட்டோம்.

நள்ளிரவு வாசகி
மெய்ப்பு பார்ப்பவர் சொன்னதோடு இன்னொரு கோளாறையும் சேர்க்கிறேன். நாயகனை நல்லவனாக்க அவனைவிடக் கொடிய வில்லனைக் கொண்டுவருவது. கொளுத்திய கோட்டை கொளுத்தியதுதானே? பக்கத்தில் பெரிய அரக்கன் நிற்பதால் அவன் கை சுத்தமாகிவிடாது.

மூன்றாம் ஜாமம்
ஆமாம். நாயகன் நாயகியைச் சிறைப்பிடிக்கும் கதை என்றால், அவள் சிறையில் இருக்கும்வரை அவள் சம்மதத்துக்கும் மதிப்பில்லை. ஆன்டி ஹீரோ (நல்லவனல்லாத நாயகன்) கதைகள் பலவும் இந்த இடத்தில்தான் எனக்குக் கசந்துபோகின்றன. முதலில் கதவு திறக்க வேண்டும், அவள் வெளியே போய்விட வேண்டும், குறைந்தது இரண்டு அத்தியாயம் அவனில்லாமல் வாழ வேண்டும். பிறகு தன் காலால் திரும்பி வரும்போது, கையில் ஆயுதம் இருக்கட்டும்.