முக மாதிரியில் 14-ஆம் எண் எந்தத் தசை?
பிசியோதெரபி முதலாண்டு படிக்கிறேன், வீடு ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில். அடுத்த வாரம் உடற்கூறியல் செய்முறைத் தேர்வு. சீனியர் அக்கா கொடுத்த பழைய பிளாஸ்டிக் தலை மாதிரியில் எண்கள் இருக்கின்றன, பெயர்த்தாள் இல்லை. கடற்கரை வீடு வேறு, உப்புக்காற்றில் சாயம் வெளுத்துக் கிடக்கிறது.

தலைப்பகுதியில் சிக்கல் இல்லை. நெற்றியில் ஃப்ரன்டாலிஸ், பிடரியில் ஆக்ஸிபிடாலிஸ், இரண்டையும் இணைக்கும் வெள்ளைத் தகடு கேலியா. கன்னத்தில்தான் தடுமாற்றம். கன்ன எலும்பிலிருந்து வாயோரம் இறங்குவது சைகோமாட்டிகஸ் மேஜர், சரி. அதற்கு உட்புறம் 14. மேலுதட்டில் முடிகிறது, மேல்முனையோ கண்ணைச் சுற்றியுள்ள வளையத் தசையான ஆர்பிகுலாரிஸ் ஆக்குலைக்கு அடியில் போய் மறைகிறது, எந்த எலும்பில் தொடங்குகிறது என்றே தெரியவில்லை. உடற்கூறியல் அட்லஸ் படத்தோடு ஒப்பிட்டேன், கண்ணாடி முன் உதட்டைத் தூக்கியும் பார்த்தேன் (அம்மா பயந்துவிட்டார்). பிடிபடவில்லை.

14 சைகோமாட்டிகஸ் மைனரா, லெவேட்டர் லேபியை சுப்பீரியாரிஸா? எதை வைத்துப் பிரித்தறிவது?