எக்லிப்ஸ்ல ஜாவா ஹெல்ப், பிஓஐ ஹெல்ப் ரெண்டும் நெட் இல்லாம வரணும், எப்படி செட் பண்றது?

ஏலக்காட்டுப்பையன் (வண்டன்மேடு):
வணக்கம்ண்ணே எல்லாருக்கும். நம்ம பக்கம் மழை புடிச்சிருச்சுன்னா கரண்டு நெட்டு ரெண்டும் சேர்ந்து போயிரும், அதுக்காக வேலைய நிறுத்த முடியல. எங்க ஸ்டோர்ல காய வச்சு தரம் பிரிச்சு புத்தடி ஏலத்துக்கும் போடி ஏலத்துக்கும் விடுற ஏலக்கா கணக்க, லாட் நம்பர், எடை, கிலோவுக்கு விழுந்த விலைன்னு எக்ஸல்ல தானா எழுதுற மாதிரி ஒரு ஜாவா ப்ரோக்ராம் பண்றேன், எக்லிப்ஸ்ங்கிற கோடு எடிட்டர்ல, எக்ஸல் ஃபைல் எழுத உதவுற அப்பாச்சி பிஓஐ லைப்ரரி வச்சு. உபுண்டு, ஓபன்ஜேடிகே 17. லைப்ரரிய தானா இறக்கித் தர்ற மேவன் இல்ல, லைப்ரரி ஃபைலான ஜாரை நேரா ப்ராஜெக்ட்டோட பில்டு பாத்ல சேர்த்திருக்கேன். பிஓஐ மெத்தட் மேல மவுஸ் வச்சா அட்டாச்டு சோர்ஸும் (மூல கோடு) இல்ல ஜாவாடாக்கும் (விளக்கப் பக்கம்) இல்லன்னு இங்கிலீஷ்ல ஒரு வரி வருது, நெட் இல்லன்னா ஸ்ட்ரிங் கிளாஸுக்கு கூட விளக்கம் வரல. ஆரக்கிள் சைட்ல ஜேடிகே டாக்குமென்டேஷன் ஜிப் இறக்கி விரிச்சு வச்சிருக்கேன், அந்த டாக்ஸ் ஃபோல்டரை காட்டி வேலிடேட் அமுக்குனா எக்லிப்ஸ் ஒத்துக்கல. என்ன செய்யணும்?

போடிமெட்டு:
தம்பி, டாக்ஸ் ஃபோல்டர் இல்லப்பா, அதுக்குள்ள ஏபிஐன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும் பாரு, அதக் காட்டணும். எக்லிப்ஸ் தேடுறது எலிமென்ட்-லிஸ்ட்ங்கிற ஃபைலைத்தேன், எந்த பேக்கேஜ் எந்த மாட்யூல்ல இருக்குன்னு வரிசையா எழுதின சாதா டெக்ஸ்ட் ஃபைல், தொறந்து பாத்தா மொத வரியே மாட்யூல்னுதான் ஆரம்பிக்கும். ஜாவா 9 வரைக்கும் அதுக்கு பேரு பேக்கேஜ்-லிஸ்ட். அந்த ஃபைல் எந்த ஃபோல்டர்ல கிடக்கோ அதேன் சரியான ஃபோல்டர், வேற எதையும் யோசிக்க வேணாம்.

வழி என்னண்டா விண்டோ, ப்ரிஃபரன்ஸஸ், ஜாவா, இன்ஸ்டால்டு ஜேஆர்ஈஸ் போயி உன் 17ஐ செலக்ட் பண்ணி எடிட் குடு, கீழ சிஸ்டம் லைப்ரரி லிஸ்ட்ல ஜேஆர்டி-எஃப்எஸ்னு ஒரு ஜார் நிக்கும், அதத் தொட்டு ஜாவாடாக் லொகேஷன அமுக்கு. அங்க ஏற்கெனவே ஆரக்கிள் சைட் அட்ரஸ் இருக்கும், நெட் போனதும் ஸ்ட்ரிங் விளக்கம் காணாமப் போறது அதனாலதேன். அத எடுத்துட்டு ஏபிஐ ஃபோல்டரக் குடுத்து வேலிடேட் பண்ணு. அப்புறம் கோடுல கிளாஸ் பேர் மேல கர்சர் வச்சு ஷிஃப்ட் எஃப்2 அடிச்சா முழுப் பக்கமும் உன் டிஸ்க்ல இருந்தே தொறக்கும்.

கொழிஞ்சாம்பாறை_ராசு:
மேல அண்ணன் சொன்னது சரிங்க, ஆனா என்னக் கேட்டீங்கன்னா மொதல்ல சோர்ஸ மாட்டுங்க, ஜாவாடாக் அப்புறம் பாத்துக்கலாம். சோர்ஸ் இருந்துச்சுன்னா எக்லிப்ஸ் அதுல இருக்குற கமென்ட்டையே எடுத்து மவுஸ் வச்ச எடத்துல காட்டிரும், கூடவே எஃப்3 அடிச்சா உள்ளுக்குள்ள எப்படி எழுதியிருக்காங்கன்னே படிக்கலாமுங்க, அதுல கத்துக்கறது வேற எதுலயும் வராது. உபுண்டுல ஓபன்ஜேடிகே-17-சோர்ஸ்னு தனி பேக்கேஜ் இருக்குது, அத ஆப்ட்ல (உபுண்டுல சாஃப்ட்வேர் போடுற கமாண்டு) போட்டுக்கோங்க. அது போடாம விட்டா ஜேடிகே லிப் ஃபோல்டர்ல எஸ்ஆர்சி ஜிப்னு பேர் மட்டும் தெரியும், வெறும் லிங்க்கு, பின்னாடி ஃபைல் இருக்காதுங்க. நெட் இருக்குற அன்னைக்கே முடிச்சுருங்க.

ஏலக்காட்டுப்பையன் (வண்டன்மேடு):
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிண்ணே, ஸ்ட்ரிங், லிஸ்ட் எல்லாம் நெட்ட ஆஃப் பண்ணியும் வருது. பிஓஐ ஜாருக்கும் அதோட ஜாவாடாக் ஜாரை மாட்டுனேன், வொர்க்புக்குக்கு வருது, எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைலுக்கான எக்ஸ்எஸ்எஸ்எஃப்வொர்க்புக்கு கிளாஸுக்கு மட்டும் வரல, ஏன்?

போடிமெட்டு:
அது வேற ஜார்ல இருக்குப்பா. வொர்க்புக்ங்கிற இன்டர்ஃபேஸ் பிஓஐ ஜார்ல, எக்ஸ்எஸ்எஸ்எஃப் எல்லாம் பிஓஐ-ஓஓஎக்ஸ்எம்எல் ஜார்ல. ஒவ்வொரு ஜாருக்கும் அதது தனியா மாட்டணும். மேவன் சென்ட்ரல்ங்கிற லைப்ரரி இறக்குற சைட்ல ஜார் பக்கத்துலயே சோர்ஸஸ், ஜாவாடாக்னு முடியிற ரெண்டு ஜார் இருக்கும், வெர்ஷன் நம்பர் அச்சு அசலா ஒண்ணா இருக்கணும், இல்லாட்டி கோடுல இல்லாத மெத்தட் ஹெல்ப்ல இருக்கும். ரெஃபரன்ஸ்டு லைப்ரரீஸ்ல ஜாரை ரைட் கிளிக், ப்ராபர்ட்டீஸ், ஜாவாடாக் லொகேஷன், அதுல ஜாவாடாக் இன் ஆர்க்கைவ். இன்னொண்ணு, ப்ராஜெக்ட் ப்ராஜெக்ட்டா இதச் செஞ்சிட்டிருக்காத. பில்டு பாத்துக்கு கீழ யூசர் லைப்ரரீஸ் இருக்கு, பிஓஐன்னு ஒண்ணு உருவாக்கி எல்லா ஜாரையும் அதுல போட்டு ஹெல்ப்ப மாட்டி வச்சிரு, அடுத்த ப்ராஜெக்ட்டுக்கு அந்த லைப்ரரிய சேர்த்தாப் போதும், எக்ஸ்போர்ட்டும் பண்ணி வச்சுக்கலாம்.

களியக்காவிளை:
மக்கா, எக்லிப்ஸ் மட்டும்னா இது போதும். நாளைக்கு பைத்தான், எஸ்க்யூஎல்னு தொடப் போறேன்னா ஜீல்னு ஒரு சாஃப்ட்வேர் உண்டு, உபுண்டுல ஆப்ட்லயே கெடைக்கும், வேணும்கிற மொழிக்கு டாக்செட் (ஹெல்ப் பக்கங்களோட தொகுப்பு) இறக்கி வச்சிட்டா நெட் இல்லாமலே தேடலாம். டாக்செட்டு பெருசு பெருசா இருக்கும், வைஃபை நல்லா கெடைக்க எடத்துல வச்சு இறக்கிக்கோ.

ஏலக்காட்டுப்பையன் (வண்டன்மேடு):
ஓஓஎக்ஸ்எம்எல்லுக்கும் சோர்ஸஸ் ஜார் மாட்டியாச்சு, இப்ப எல்லாமே வருது. பத்தி அகலத்த தானா சரி பண்ற ஆட்டோசைஸ்காலம் மெத்தட் மேல மவுஸ் வச்சேன், பெரிய ஷீட்டுன்னா இது மெதுவா ஓடும், ஒரு பத்திக்கு ஒரு தடவை, எல்லா வேலையும் முடிஞ்சப்புறம் கூப்பிடுன்னு அதுலயே எழுதியிருக்கு. என் ஷீட்டு இழு இழுன்னு இழுத்துட்டிருந்தது இதனாலதான், லூப்புக்கு வெளிய எடுத்துப் போட்டேன், சீசன் கணக்கு மொத்தமும் சட்டுனு எழுதிருச்சு. ஜீலும் டவுனுக்குப் போறப்ப இறக்கிருவேண்ணே.