பழைய பைபர் வள்ளம்: பின்பலகை ஆடுகிறது, கனமும் கூடுதல். வாங்கலாமா?

முட்டம் தூண்டில்:
எல்லோருக்கும் வணக்கம். மணவாளக்குறிச்சிப் பக்கம் பழைய பைபர் வள்ளம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 18 அடி. 9.9 குதிரைத்திறன் யமஹா என்ஜினோடு சேர்த்து 60,000 ரூபாய் கேட்கிறார்கள். அப்பா ஆயுசு முழுக்கக் கடலுக்குப் போனவர். இப்போது பெரிய வள்ளத்தில் அவரால் முடியாது. கரையோரமாகத் தூண்டில் போட இது போதும் என்கிறார்.

பார்த்ததில் மூன்று விஷயம் இடிக்கிறது. என்ஜினை முடுக்கினால் அது மாட்டியிருக்கும் பின்பலகை லேசாக அசைகிறது. இரண்டு மூலையிலும் மயிரிழை போல வெடிப்பு. அடியில் விற்பவர் போட்ட ஒட்டு ஓரத்தில் கிளம்பியிருக்கிறது. மூன்றாவது, அப்பா சொன்னது: இந்த அளவு வள்ளத்தை ஆறு பேர் சேர்ந்தால் மேலே ஏற்றிவிடலாம், இதற்கு பத்துப் பேர் திணறுகிறார்கள். பெயின்ட் புதுசு, பார்க்க அழகாக இருக்கிறது. வாங்கலாமா?

குளச்சல் காற்று:
மக்கா, விற்கிற நேரத்தில் புது பெயின்ட் என்றாலே கொஞ்சம் யோசிக்க வேண்டும். முதலில் ஒரு சோதனை செய். என்ஜினைப் பாதி தூக்கி வைத்து, புரொப்பெல்லருக்குக் கீழே இருக்கும் காலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டு. இன்னொருவர் பின்பலகை மூலையைப் பார்க்கட்டும். என்ஜின் மட்டும் ஆடினால் கிளாம்ப் லூஸ். பலகையும் சேர்ந்து வளைந்தால் உள்ளே மரம் போய்விட்டது.

ரெசின்கை:
தம்பி, நான் பைபர் வேலை செய்கிறவன். பின்பலகை ஆடுவதும் கனமும் தனித்தனிக் கோளாறு இல்லை, தண்ணீர் உள்ளே போனதுதான் காரணம். வெளியே பைபராகத் தெரிந்தாலும் பின்பலகைக்குள் பிளைவுட் இருக்கும். தரைக்கு அடியில் நெடுக்குக் கட்டைகள் ஓடும், சிலதில் ஃபோமும் நிரப்பியிருப்பார்கள். போல்ட் ஓட்டை வழியாகக் கசிந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அங்கேயே ஊறி மரத்தை அழுகவைக்கும். அப்பா சொன்ன கனம் அந்தத் தண்ணீரின் கனம். கண்ணுக்குத் தெரிகிற வெடிப்பைவிட அவர் சொன்னதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

சின்னச் சுத்தியலால் பின்பலகை முழுக்கத் தட்டிப் பார். நல்ல இடம் ‘டக்’கென்று கெட்டியாகக் கேட்கும், அழுகிய இடம் மந்தமாக ‘தொப்’பென்று கேட்கும். விற்பவர் சம்மதித்தால் உள்பக்கம் கீழே 6 மில்லிமீட்டர் ஓட்டை இரண்டு போடு. வரும் தூள் காய்ந்து வெளிறியிருந்தால் சரி. கறுத்து ஈரமாக வந்தால் பலகையை மாற்றித்தான் ஆக வேண்டும். ஓட்டை போட அவர் விடவில்லை என்றால் பதில் கிடைத்துவிட்டது, திரும்பி வந்துவிடு.

அடியில் ஒட்டு கிளம்புவதற்குக் காரணம் பெரும்பாலும் பெயின்ட் மேலேயே மேட், அதாவது கண்ணாடியிழை விரிப்பு, போட்டிருப்பார்கள். அந்தக் கரையில் இழுத்து ஏற்றுகிற வள்ளம் என்றால் கீல், அதாவது அடியின் நடுமுதுகு, தேய்ந்திருக்கிறதா என்றும் பார். மணவாளக்குறிச்சிக் கருமணலில் கார்னெட் என்ற கடினமான தாது கலந்திருக்கிறது. இரும்பில் துரு எடுக்க மணல் பீச்சுகிறார்களே, அதற்கு விற்பதும் கார்னெட்தான். தினமும் அதன்மேல் இழுத்தால் பைபரின் மேல்பூச்சான ஜெல்கோட் எத்தனை நாள் நிற்கும்!

முட்டம் தூண்டில்:
நன்றி அண்ணே. தட்டிப் பார்த்தோம், ஓட்டையும் போட்டோம், விற்பவர் மறுக்கவில்லை. பின்பலகையில் கீழ்ப்பாதி கறுப்பாக, காபித்தூள் போல ஈரமாக வந்தது. தரையை அழுத்தினால் நடுவில் ஒரு இடம் மட்டும் அமுங்குகிறது. பக்கச்சுவர் எல்லாம் கெட்டி. விலை 35,000-க்கு இறங்கியிருக்கிறது. அப்பாவுக்கு ஆசை விடவில்லை. பலகையை நாங்களே மாற்ற முடியுமா?

ரெசின்கை:
பக்கச்சுவரும் அடியும் கெட்டி என்றால் முடியும். வெளித்தோலைத் தொடாதே, உள்தோலை மட்டும் கிரைண்டரால் வெட்டி எடு. அழுகிய மரத்தை முழுக்கச் சுரண்டு, சுத்தமான பைபர் தெரிகிற வரை தேய். புதுப் பலகைக்கு ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் வாங்கு. 12 மில்லிமீட்டரில் மூன்று சேர்த்து ஒட்டினால் ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் வரும், இந்த என்ஜினுக்கு அது போதும். ஓரங்களுக்கெல்லாம் ரெசின் (பைபரை இறுக்கும் பசை) குடிக்கக் கொடுத்து, காய்ந்தபின் உள்ளே வைத்து, மேலே 450 கிராம் மேட்டும் ரோவிங் என்ற நெய்த இழைத்துணியும் மாறி மாறிப் போடு. மேட்டின் எடையைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு ரெசின் பிடிக்கும்.

அடியில் ஒட்டுப் போடும்போது ஓரத்தைச் செங்குத்தாக விடாதே. தடிமன் 5 மில்லிமீட்டர் என்றால் சுற்றிலும் 60 மில்லிமீட்டர் சரிவாகத் தேய்த்தபின் மேட் போடு. 12 மடங்கு சரிவு இருந்தால் ஒட்டு கிளம்பாது. மேல்பரப்பு கையில் ஒட்டுகிறதே என்று பயப்பட வேண்டாம், மெழுகு கலக்காத பாலியெஸ்டர் ரெசின் காற்றுப்பட்டால் அப்படித்தான் இருக்கும்.

ரெசினை இறுகவைக்கும் ஹார்டனர் 1 கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம். நம் ஊர் வெயிலுக்கு 10-ஐ ஒட்டியே போ. ஒன்று மட்டும் மறக்காதே: ஆக்சிலரேட்டர் எனப்படும் கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேராக ஒன்றில் ஒன்று ஊற்றவே கூடாது, வெடிக்கும். ஆக்சிலரேட்டரை முதலில் ரெசினில் நன்றாகக் கலந்த பிறகுதான் ஹார்டனர். ஹார்டனர் கண்ணில் ஒரு சொட்டுப் பட்டாலும் பார்வை போகலாம், கண்ணாடி போடாமல் தொடாதே. பட்டுவிட்டால் உடனே கால் மணி நேரம் விடாமல் தண்ணீரால் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போ. கலந்த ரெசின் மக்கில் மிச்சம் இருந்தால் சூடேறிப் புகையும், தட்டில் மெல்லியதாகப் பரப்பி வை. பைபர் தூசிக்கு முகத்தில் துண்டு கட்டினால் போதாது, நல்ல மாஸ்க் வேண்டும்.

தேங்காய்ப்பட்டணம் நண்டு:
எபாக்ஸி ரெசின் போடச் சொல்லுங்களேன் அண்ணாச்சி. பழைய பைபரில் பாலியெஸ்டரைவிட நன்றாகப் பிடிக்கும்.

ரெசின்கை:
பிடிக்கும், மறுக்கவில்லை. விலையும் அதிகம். அதோடு, மேட்டின் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்ஸியில் அந்த மேட் விறைப்பாகவே நிற்கும், அதனால் நெய்த துணிக்குப் போக வேண்டும். எபாக்ஸி மேல் பாலியெஸ்டர் ஜெல்கோட்டும் சரியாகப் பிடிக்காது, பெயின்ட்தான் அடிக்க வேண்டும். பலகையை ஒட்ட மட்டும் எபாக்ஸி என்றால் எனக்குச் சம்மதம்.

மேல்மிடாலம் பாறை:
தரையில் அமுங்குகிற இடத்தை வெட்டினால் உள்ளே தெர்மோகோல் நிரப்பிவிடு மக்கா, கவிழ்ந்தாலும் மிதக்கும்.

குளச்சல் காற்று:
தெர்மோகோல் மேல் பாலியெஸ்டர் ரெசினை ஊற்றினால் கரைந்து குழி விழுந்துவிடும். பாலியூரத்தேன் ஃபோம் போடு. இல்லையென்றால் மூடி இறுக்கிய காலி பிளாஸ்டிக் கேன்களை அடைத்துக்கொள், அதற்குத் தண்ணீர் குடிக்கத் தெரியாது.

தம்பி, நாட்களையும் கணக்குப் பண்ணு. இப்போது மாசி. பங்குனிக்குள் வேலையை முடித்துவிடு. ஜூனில் சாரல் பிடித்துவிட்டால் நம் மாவட்டத்தில் எதுவும் காயாது, ஐப்பசி கார்த்திகையிலும் அதே கதை. வேலை நடக்கும்போது வள்ளத்தைத் தண்ணீருக்குப் பக்கத்தில் போட்டு வைக்காதே. சித்திரை வைகாசியில் காற்றே இல்லாமல் கள்ளக்கடல் ஏறும், திடீரென்று அலை பொங்கிக் கரைக்கு வந்துவிடும்.

முட்டம் தூண்டில்:
சரி அண்ணே. என்ஜின் ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் பக்கத்தில் பீச்ச வேண்டிய தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. அதற்கும் செலவு இருக்குமா?

ரெசின்கை:
முதலில் அந்தத் துவாரத்தில் உப்பு அடைத்திருக்கிறதா என்று மெல்லிய கம்பியால் குத்திப் பார். இல்லையென்றால் வாட்டர் பம்ப் இம்பெல்லர் தேய்ந்திருக்கும். அது ரப்பர் சக்கரம், பெரிய செலவில்லை. அதுவரை ஓட்டாதே, சூட்டில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கியர் ஆயிலையும் திறந்து பார், பால் கலந்த டீ போல இருந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம்.

தேங்காய்ப்பட்டணம் நண்டு:
காசு கொடுக்கும் முன் காகிதம். வள்ளம் மீன்வளத்துறையில் பதிவாகியிருக்கிறதா, பதிவு விற்பவர் பெயரில்தானா, என்ஜின் எண் பில்லோடு பொருந்துகிறதா, இந்த மூன்றையும் பார். மானியத்தில் வாங்கிய என்ஜின் என்றால் கைமாற்றலாமா என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள். கடன் பாக்கி இருந்தாலும் பிறகு உன் தலையில்தான் விழும்.

முட்டம் தூண்டில்:
பதிவு அவர் பெயரில்தான். பெயர் மாற்றிக் கொடுத்தபின் மீதிப் பணம் என்று பேசி முன்பணம் கொடுத்துவிட்டோம். கடைசியாக ஒன்று, புதுப் பலகையில் போல்ட்டை நேராக முடுக்கலாமா?

ரெசின்கை:
முடுக்காதே, பழையது அழுகியதே அந்த வழியாகத்தான். போல்ட்டைவிடப் பெரிதாகத் துளை போட்டு, தூள் கலந்து கெட்டியாக்கிய ரெசினால் அடை. காய்ந்தபின் அதன் நடுவில் சரியான அளவில் துளை போடு. போல்ட் 316 ஸ்டெயின்லெஸ் வாங்கு, 304 கடல் தண்ணீரில் சீக்கிரம் துரு காட்டும். பலகையின் உயரத்தையும் இப்போதே அளந்துகொள்: என்ஜின் கால் குட்டையான ஷார்ட் ஷாஃப்ட் என்றால் 15 அங்குலம், நீளமான லாங் என்றால் 20. புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டு வள்ளத்தின் அடிமட்டத்தோடு சமமாக, இல்லை ஒரு அங்குலம் கீழே நிற்க வேண்டும். உள்தோலை வெட்டியதும் படம் போடு, நெடுக்குக் கட்டை எதுவரை ஊறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.