ஃபால்ஸ் சீலிங் டிராப் டோரை அடைக்கலாமா, அப்படியே விடலாமா?

மாடிவீடு:
தண்டையார்பேட்டையில் முதல் மாடி, 10க்கு 10 அறை. மேலே சிமென்ட் ஷீட், கீழே ஜிப்சம் சீலிங், சீலிங் மேல் 3 அங்குல கிளாஸ் வுல் விரித்திருக்கிறது. வயரிங் பார்ப்பதற்காக மூலையில் 2 அடிக்கு 2 அடி டிராப் டோர் விட்டிருக்கிறார்கள். அது வெறும் பிளைவுட். மதியம் ஏ.சி. ஓடும்போதும் அதன் கீழே நின்றால் தலையில் அனல் இறங்குகிறது. சுற்றி ரப்பர் பீடிங் ஒட்டி, பலகையின் மேல்பக்கம் தெர்மாகோல் வைக்கலாம் என்றிருக்கிறேன். பிரயோஜனம் உண்டா?

காசிமேடு காத்து:
வேண்டாம் ப்ரோ. நம்ம பக்கம் வீட்டுக்கு மேலே திறப்பு வைத்ததே சூடு வெளியேறத்தான். எங்கள் தாத்தா வீடு மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரம், குத்துக்கல்லாக அடுக்கிய செங்கல், சுண்ணாம்பு. சாயங்காலம் மாடிப்படிக் கதவைத் திறந்தால் வாசல் வழியாகக் கடல்காற்று நுழையும், சூடு மேலே போய்விடும். எல்லாவற்றையும் அடைத்துவிட்டு கரண்ட் பில் கட்டுவது என்ன கணக்கு?

வண்ணை சைட்காரர்:
நீங்கள் சொல்வது மாடிப்படிக் கதவு, அது வானத்தைப் பார்த்துத் திறக்கிறது. இவருடைய டோர் திறப்பது ஷீட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவில் இருக்கிற அடுப்புக்குள். 'சூடு மேலேதானே போகும்' என்று எல்லோரும் கேட்பார்கள். ஏ.சி. அறையில் குளிர்ந்த காற்று கனமானது, கதவுக்கு அடியில் இருக்கும் இடுக்கு வழியாக நழுவிப் போகும். போன அளவு காற்று எங்கிருந்தாவது வர வேண்டும். மேலே ஓட்டை இருந்தால் அங்கிருந்துதான் வரும்.

கணக்கு கேட்டீர்கள், போடுகிறேன். 3 அங்குல கிளாஸ் வுல்லின் ஆர் மதிப்பு, அதாவது வெப்பத்தைத் தடுக்கும் அளவு, சுமார் 10. பிளைவுட்டுக்கு தாராளமாக 1 என்று வைத்துக்கொள்வோம். வுல் உள்ள 96 சதுர அடியை 10ஆல் வகுத்தால் 9.6. டோரின் 4 சதுர அடியை 1ஆல் வகுத்தால் 4. மொத்தம் 13.6ல் 4 அந்தச் சின்னப் பலகை வழியாக வருகிறது. 4 சதவீத இடம், கிட்டத்தட்ட 30 சதவீத வெப்பம்! மேலே 2 அங்குல தெர்மாகோல் ஒட்டினால் அந்த 4 சுமார் 0.5 ஆகக் குறையும்.

காசிமேடு காத்து:
பேப்பரில் நல்லாத்தான் இருக்கு. அதே உழைப்பை ஷீட் மேல் போடுங்கள். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை பெயின்ட் அடித்தால் அடுப்பே பற்றாது, அப்புறம் டோர் எப்படி இருந்தால் என்ன? 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி அடித்ததே, அந்த மாதிரி நாளில் உங்கள் தெர்மாகோல் எத்தனை மணி நேரம் தாங்கும்?

வண்ணை சைட்காரர்:
பெயின்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எண்ணூர், மணலிப் பக்கத்துத் தூசியில் வெள்ளை எத்தனை நாள் வெள்ளையாக இருக்கும்? கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். பெயின்ட் தடுக்காத இன்னொன்றும் உண்டு, ஈரப்பதம். கடலோரக் காற்று புழுக்கமானது. அது இடுக்கில் புகுந்து, ஏ.சி.யில் குளிர்ந்த ஜிப்சம் ஓரத்தில் பட்டால் வியர்க்கும். டோரைச் சுற்றிக் கறுப்பாகப் பூஞ்சை பிடித்த சீலிங்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்டால் 'மழை ஒழுகல் சார்' என்பார்கள்.

எர்ணாவூர்க்காரி:
எங்கள் வீட்டில் வுல்லே கிடையாது, வெறும் ஜிப்சம். அப்போதும் இதே கணக்கா?

வண்ணை சைட்காரர்:
இல்லை மேடம். அரை அங்குல ஜிப்சமைவிட அதே கனமுள்ள பிளைவுட்தான் கொஞ்சம் அதிகமாகத் தடுக்கும். உங்கள் வீட்டில் டோர் மேல் மட்டும் தெர்மாகோல் வைப்பது வீண். பீடிங் போடுங்கள், தூசியும் புழுக்கமும் நிற்கும். வெப்பத்துக்கு முதலில் வுல், இல்லையென்றால் காத்து சொல்கிற பெயின்ட்.

காசிமேடு காத்து:
அப்பாடா, ஒரு வீட்டிலாவது ஜெயித்தேன்.

வயர்மேன் ராயபுரம்:
ரெண்டு பேரும் சண்டை போடுங்க, நடுவில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். தெர்மாகோல் எளிதில் பற்றும், கரும்புகை கக்கும். டவுன்லைட், எல்.இ.டி. விளக்கின் டிரைவர், வயர் ஜாயின்ட் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். டோரை சிலிகான் வைத்து நிரந்தரமாக ஒட்டிவிடுகிறார்கள், அப்புறம் ஒரு ஃபால்ட் வந்தால் சீலிங்கைத்தான் உடைக்க வேண்டும். பீடிங் சட்டத்தில் இருக்கட்டும், பலகை அதை அழுத்தி மூடட்டும். அழுத்த ரெண்டு பக்கமும் தாழ்ப்பாள் வேண்டும், ஒரு பக்கம் மட்டும் போட்டால் எதிர்ப்பக்கம் வாய் பிளக்கும். பழைய ஷீட் என்றால் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்கலாம். அதில் துளை போடாதீர்கள், உள்ளே படிந்த தூசியை விளக்குமாறால் தள்ளவும் வேண்டாம்.

மாடிவீடு:
ஷீட் பழையதுதான். அந்தத் தூசி கட்டிலில் விழுகிறது என்பதற்காகவே பீடிங் உறுதி. ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஓரத்தில் இடைவெளி இருக்கிறது, அதையும் அடைத்துவிடவா?

காசிமேடு காத்து:
அதைத் தொடவே கூடாது! உள்ளே தேங்கும் சூடு போக அது ஒன்றுதான் வழி.

வண்ணை சைட்காரர்:
இதில் நான் காத்து பக்கம். எலி வராமல் கம்பி வலை மட்டும் அடியுங்கள். அடைக்க வேண்டியது அறைக்கும் சீலிங் மேல் இருக்கும் இடத்துக்கும் நடுவில், அந்த இடத்துக்கும் வெளிக்கும் நடுவில் அல்ல.

காசிமேடு காத்து:
ஆனால் பெயின்ட்தான் முதல் வேலை, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மாடிவீடு:
பெயின்டருக்கு ஆள் கிடைப்பதற்குள் அக்கினி நட்சத்திரமே முடிந்துவிடும் போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மண்ணடி போய் பீடிங்கும் தாழ்ப்பாளும் வாங்குகிறேன். பீடிங் எத்தனை மி.மீ. கனம் வாங்க?